பழைய காருக்கு ஸ்டிக்கரா, பெயின்டா? முதலில் தகரத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், நிறம் மங்கிய பழைய கார்களுக்கு மறுபடியும் பெயின்ட் அடிப்பதைவிட வினைல் ஸ்டிக்கரால் முழுவதும் போர்த்திவிடுவது பணத்துக்கும் நேரத்துக்கும் சிக்கனம் என்று எழுதப்பட்டிருந்தது. நாலைந்து ஆண்டு ஓடிய கார்களைப் பொறுத்தவரை அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஐம்பது ஆண்டு கண்ட வண்டியை வைத்திருப்பவர்கள் அந்தக் கட்டுரையை நம்பி உடனே முன்பணம் கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலையால் இதை எழுதுகிறேன். கடந்த எட்டு மாதங்களாக இதே கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நான் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 1969-ஆம் ஆண்டின் ஃபியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த வண்டி. 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று நாடு முழுவதும் அறியப்பட்ட காரின் மூத்த பிறவி. மஞ்சக்குப்பத்தில் மருத்துவராக இருந்த என் தந்தையார், நெல்லிக்குப்பத்துக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் இரவு வேளைகளில் நோயாளிகளைப் பார்க்கப் போய்வந்த வண்டி அது. 1089 சிசி எஞ்சின் இன்றும் ஒரே சுற்றில் உயிர் பெறுகிறது; ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் கியர் தண்டு முரண்டு பிடிப்பதில்லை. உடம்புதான் கெட்டுப்போயிற்று. பானெட்டிலும் கூரையிலும் நிறம் வெளுத்து, கையால் தடவினால் சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டுகிறது. முன்விளக்குகளின் வளையத்தைச் சுற்றியும், கதவுகளின் கீழ் விளிம்பிலும், பின்சக்கர மட்கார்டு வளைவிலும் பெயின்ட் சிறுசிறு கொப்புளங்களாக எழும்பியிருக்கிறது.

என் தம்பி மகன், பெங்களூருவில் வேலை பார்ப்பவன், "அத்தை, எதற்கு மாதக்கணக்கில் பட்டறையில் போட்டு வைக்கிறீர்கள்? ஸ்டிக்கர் ஒட்டினால் ஐந்து நாளில் புது வண்டி" என்று சொல்லிப் படங்களையும் அனுப்பினான். அந்தப் படங்கள் அழகாகவே இருந்தன. எனக்குச் சொல்லப்பட்ட தொகை 70,000 ரூபாய். தகரம் வரை சுரண்டித் துரு எடுத்து, ஓட்டையான இடங்களில் புதுத் தகரம் வைத்து, முழுவதும் பெயின்ட் அடிக்கக் கடலூர் முதுநகரில் உள்ள மேஸ்திரி கேட்டது 1,60,000 ரூபாய், அதோடு மூன்று மாத காலம். தபால் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு சிறியதன்று. ஸ்டிக்கர் கடைக்கு முன்பணம் கொடுக்க நாளும் குறித்துவிட்டேன்.

என்னைத் தடுத்து நிறுத்தியது புதுச்சேரியில் என் முன்னாள் சக ஊழியர் ஒருவர் வீட்டு வாசலில் கண்ட காட்சி. அவருடைய 1980-களின் அம்பாசிடருக்கு ஒரு கடையில் அடர்பச்சை நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் மட்கார்டு ஓரங்கள் சுருண்டு, கதவின் அடிப்பாகத்தில் ஸ்டிக்கருக்குள் ஏதோ பூச்சி ஊர்ந்து போனதுபோல வரிவரியாகப் புடைத்திருந்தன. உரித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்த நாளில் நானும் அங்கே இருந்தேன். சூட்டுக் காற்றுக் கருவியைக் காட்டிக்கொண்டே வேலைக்காரத் தம்பி ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தபோது, ஸ்டிக்கரின் பசைப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயின்ட்டும், அதன் அடியில் பள்ளம் நிரப்பப் பூசியிருந்த பட்டியும் சேர்ந்தே பெயர்ந்து வந்தன. அங்கே தெரிந்த தகரம் ஈரமாக இருந்தது. மழை பெய்து இருபது நாள் ஆகியும், விரலால் தொட்டால் காவி நிறத்தில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வந்தது. நண்பர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனையை அந்த இடத்தில் மெல்ல வைத்தார். அது அப்பளத்தில் இறங்குவதுபோல உள்ளே போய்விட்டது. ஒட்டுவதற்கு முன் அந்தக் கடையினர் வண்டியைக் கழுவித் துடைத்ததைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று அவர் பிறகு சொன்னார்.

இந்த வேலையின் தன்மையைத் தெரிந்துகொண்டால் இது ஏன் நடந்தது என்பது விளங்கும். வளைவுகளில் படிந்து உட்காரும் நல்ல ரக வினைல் ஏறத்தாழ 50 மைக்ரான் கனமே உள்ளது; அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. மலிவு ரகம் அதைவிடக் கனமாக இருக்கும், ஆனால் வளைவில் நிற்காமல் பழைய வடிவுக்குச் சுருங்கப் பார்க்கும். எந்த ரகமாக இருந்தாலும் அது அழுத்தத்தால் பிடிக்கும் பசையை நம்பி நிற்கிறது. அந்தப் பசை பிடிப்பது தகரத்தை அன்று, தகரத்தின் மேலுள்ள பெயின்ட்டை. பெயின்ட் தகரத்தோடு உறுதியாக ஒட்டியிருந்தால் ஸ்டிக்கரும் உறுதியாக நிற்கும். பெயின்ட்டே அடியில் கழன்று நின்றால் ஸ்டிக்கர் எதைப் பிடித்துக்கொள்ளும்? கம்பெனியில் அடித்த மூலப் பெயின்ட் நல்ல நிலையில் உள்ள வண்டிகளை மனத்தில் வைத்தே வினைல் தயாரிப்பவர்கள் தங்கள் உத்தரவாதத்தை எழுதுகிறார்கள். வெளியில் மறுபடி அடித்த பெயின்ட்டுக்குப் பொதுவாக அவர்கள் பொறுப்பேற்பதில்லை. ஐம்பது ஆண்டு வாழ்ந்த ஒரு வண்டியில் வெளியில் பெயின்ட் படாத இடம் எங்கே இருக்கும்?

என் ஃபியட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் ஓரத்தில் மேஸ்திரி வாட்டர் பேப்பரால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தேய்த்துக் காட்டினார். மேலே கருஞ்சிவப்பு, அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே மெல்லிய வானநீலம் என்று வளையம் வளையமாக அந்த வண்டியின் வரலாறு முழுவதும் வெளிப்பட்டது. வானநீலம் குர்லாவில் அடித்தது. வெள்ளை, அந்நாளில் எல்லாரும் டூக்கோ என்று சொன்ன நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். 1980-களில் தந்தையார் அடித்தது. மேலே உள்ள கருஞ்சிவப்பு சாதாரண சிந்தெடிக் எனாமல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் வாசல் பூவரசு முறிந்து காரின் கூரையில் விழுந்தது. ஊரே கூரையின்றி நின்ற அந்த நாட்களில், கிடைத்த ஆளை வைத்துக் கிடைத்த பெயின்ட்டை அடித்தோம். பள்ளமான கூரையை அடித்து நிமிர்த்தாமல் பட்டியாலேயே நிரப்பியிருக்கிறார்கள் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. இப்படி மூன்று வகைப் பெயின்ட்டும் ஒரு கட்டிப் பட்டியும் அடுக்கடுக்காக இருக்கும் உடம்பின் மேல், வளைவுகளில் 90, 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி இழுத்து ஒட்ட வேண்டிய ஒரு தோலைப் போர்த்துவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. காற்றில் வரும் கடல் உப்பு வண்டியின் இடுக்குகளில் படிகிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீர் இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ, அந்த அளவில் பாதிகூட இல்லாத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். எனவே தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து வீசும் காற்றில் நிற்கும் ஒரு காரின் கதவு மடிப்புக்குள், மழையே பெய்யாத நாளிலும் தகரம் ஈரமாகவே இருக்கிறது. துரு ஏறிய இரும்பு தன் பழைய பருமனைப் போலப் பன்மடங்கு வீங்குவதால், மேலே உள்ள பெயின்ட்டைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. அந்தக் கொப்புளம்தான் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஒரே முன்னறிவிப்பு. ஸ்டிக்கர் அந்த அறிவிப்பையும் மறைத்துவிட்டு, ஓரங்களின் வழியே புகுந்த நீர் உலரவும் வழியில்லாமல் செய்துவிடுகிறது.

புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது என்று மேலே சிமென்ட் பூசினால், சுவர் சுவாசிக்க வழியின்றி உள்ளே இருக்கும் ஈரம் செங்கல்லையே அரித்துவிடும். அதனால்தான் அங்கே பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் கொத்தனார்கள் இன்றும் சுண்ணாம்பையே கேட்கிறார்கள். சுவரைச் சரியாகப் புரிந்துகொண்ட நாம் காரை மட்டும் ஏன் வேறு கண்ணால் பார்க்க வேண்டும்?

காரில் ஆபத்து இன்னும் அதிகம். ஃபியட்டுக்கும் அம்பாசிடருக்கும் லாரியைப் போலத் தனி அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது. தரைத்தகரமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும் கூரைத் தூண்களும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே துரு ஏறினால் கெடுவது அழகு மட்டும் அன்று. வண்டியின் முதுகெலும்பே கெடுகிறது.

ஆகவே ஸ்டிக்கரா, பெயின்டா என்ற கேள்வியைக் கேட்பதற்கு முன்பு வண்டியின் சொந்தக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை வண்டியின் உடம்பெங்கும் நகர்த்திப் பாருங்கள்; அது பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பட்டிதான் இருக்கிறது. தரை விரிப்புகளைத் தூக்கிக் கையால் அழுத்துங்கள். மறைவான ஓரிடத்தில் தின்னர் நனைத்த பஞ்சால் தேய்த்தால், நிறம் கரைந்து பஞ்சில் ஏறுவது பழைய டூக்கோவாக இருக்கும். சுருங்கி எழும்புவது எனாமலாக இருக்கும். இரண்டின் மேலும் ஸ்டிக்கரை நம்ப முடியாது. இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இக்கால இருகலவைப் பெயின்ட்டை நேராக அடிக்கவும் முடியாது, சுரண்டித்தான் ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு கதவின் அடியிலும் நீர் வடியும் துளைகளைத் தேடுங்கள். என் காரில் இடதுபுறப் பின்கதவின் துளையை ஒரு குச்சியால் குத்திவிட்டபோது, அரைத் தம்ளர் அளவுக்குக் கருப்புத் தண்ணீரும், மக்கிய வேப்பிலைத் துணுக்குகளும் வெளியே கொட்டின. எத்தனை ஆண்டுத் தண்ணீர் அது என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற, வண்டியைச் செய்தவர்கள் வைத்த அந்தத் துளையைத் திறந்துவிட ஒரு பைசாகூடச் செலவில்லை. நான்தான் குனிந்து பார்க்கவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு தகரம் கெட்டியாகவும் மூலப் பெயின்ட் உறுதியாகவும் இருந்தால், தாராளமாக ஸ்டிக்கர் ஒட்டலாம். 1990-களின் மாருதி 800 போன்ற வண்டிகளில், வீட்டுக்குள் நின்று வளர்ந்தவற்றில், அப்படி அமையக்கூடும். நிறத்தில் சலிப்பு வந்தால் உரித்துவிடலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் வெயில் நேராக விழும் பானெட்டிலும் கூரையிலும் அது கதவுகளைவிட முன்னதாகவே வெளுத்து வெடிக்கும் என்பதையும், நாள் கடந்த ஸ்டிக்கர் சுத்தமாக உரியாமல் துண்டு துண்டாகப் பிய்ந்து பசையை விட்டுச்செல்லும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயின்ட் அடித்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. துருவின் மேல் பட்டி பூசிப் பளபளப்பாக அடித்துத் தருவதும் ஒருவகைப் போர்வைதான். அது ஸ்டிக்கரைவிட அதிகப் பணம் வாங்கும் போர்வை. நான் ஒப்புக்கொண்டிருக்கும் வேலை இது: பழைய பெயின்ட் முழுவதையும் தகரம் வரை நீக்குவது, துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் பற்றவைப்பது, மற்ற இடங்களில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து தடவிக் கழுவுவது, அன்றே எபாக்ஸி பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து மூடுவது, அதன் பிறகே தேவையான இடத்தில் மெல்லிய பட்டி, கடைசியில் கதவுப் பெட்டிகளுக்குள் மெழுகு போன்ற துருத்தடுப்புப் பூச்சு. பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் அதை வெறும் தகரத்தின் மேல் வைத்துவிட்டு மழைக்காலத்தில் வாரக்கணக்கில் திறந்துபோட்டால் செய்த வேலை முழுதும் வீணாகும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே மாட்டேன் என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். "அம்மா, பனியும் விலகணும். மாசி பிறக்கட்டும், காத்து காயட்டும்" என்றார். வேலையை மறுத்துத் திருப்பி அனுப்பிய அந்த ஒரு சொல்லால்தான் அவரிடமே வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இக்காலத்து இருகலவைப் பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதன் புகைமூட்டத்தைச் சுவாசிப்பவர்களுக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். நம் பட்டறைகளில் பிள்ளைகள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்க்கிறேன். கைக்குட்டை அந்தப் புகைக்கு ஒரு தடையே ஆகாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே கொடுக்கும் முகமூடியும், புகையை வெளியேற்றும் அமைப்பும் வேண்டும். அந்தச் செலவுக்காக மேஸ்திரி கூடுதலாகக் கேட்டால், வண்டிக்காரர்கள் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். மருத்துவர் ஓட்டிய வண்டிக்காக இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் நுரையீரல் கெடுவதை என் தந்தையார் ஏற்றிருக்க மாட்டார்.

நிறத்தைப் பற்றி எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. பின் இருக்கையைக் கழற்றியபோது அதன் அடியில், ஐம்பது ஆண்டுகளாக வெயிலே படாத ஒரு முழம் தகரத்தில், குர்லாவில் அடித்த வானநீலம் அப்படியே இருந்தது. வண்டியின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகும் விவரங்களில் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே முழு வண்டியின் நிறமும் மாறும்போது, அது பெயின்ட்டால் மாறினாலும் ஸ்டிக்கரால் மாறினாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தெரிவித்துப் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. பல கடைக்காரர்கள் "ஸ்டிக்கர்தானே, யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, 2012-இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதற்குத் தடை விதித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, உடம்பில் ஒட்டும் ஸ்டிக்கரே குற்றம் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு கண்ணாடியைப் பற்றியது. கடலூரில் ஒரு மாநிலப் பதிவும் இருபது கிலோமீட்டர் கடந்தால் புதுச்சேரிப் பதிவும் என்று இருக்கும் நம் பகுதியில், இரு போக்குவரத்துத் துறைகளும் நிறமாற்றத்துக்கான நடைமுறையை எளிய தமிழில் ஒரு பக்க அறிவிப்பாக அலுவலக வாசலில் ஒட்டினால் பெரும் உதவியாக இருக்கும்.

ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு மேலும் ஒரு செய்தி உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பாரம்பரிய வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், அது பத்து ஆண்டு செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அந்த வண்டியை ஓட்ட முடியாது என்பதால் நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. வாரம் ஒரு முறையாவது அதில் காய்கறி வாங்கப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அந்த விதியிலும் உடற்கூட்டுக்குத்தான் மதிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். உடற்கூடு துருவில் போய்விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். அக்கட்டுரையின் தொடர்ச்சியாக, பழைய வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் முன் பார்க்க வேண்டியவற்றைத் துரு வேலை தெரிந்த மேஸ்திரிகளைக் கேட்டு ஒரு முறை வெளியிடுங்கள். ஸ்டிக்கர் கடை நடத்துபவர்களும், ஒட்டுவதற்கு முன் கதவு ஓரங்களையும் தரைத்தகரத்தையும் வாடிக்கையாளரோடு சேர்ந்து பார்த்து, கண்டதை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். துரு இருக்கிறது என்று சொல்லி ஒரு வேலையை இழக்கும் கடைக்காரரிடம், நல்ல வண்டியோடு பத்துப் பேர் நம்பி வருவார்கள்.

என் வண்டி இப்போது முதுநகர்ப் பட்டறையில் கதவுகள் கழற்றப்பட்டு நிற்கிறது. பின் இருக்கைக்கு அடியில் இருந்த வானநீலத்தைப் பார்த்து மேஸ்திரி கலந்து வைத்த மாதிரித் தகரம் அவருடைய மேசையில் இருக்கிறது. பிரைமர் ஏறுவதற்கு முந்தைய வாரத்தில், வெறும் தகரம் எப்படி இருக்கிறது, எங்கெங்கே துரு ஒளிந்திருந்தது என்று நேரில் பார்க்க விரும்பும் வாசகர்கள் தங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதினால், அழைத்துப் போய்க் காட்ட நானும், விளக்கிச் சொல்ல மேஸ்திரியும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.